பியானோக் கட்டையில் ஒரு மேளகர்த்தா

மேனாட்டுச் சங்கீதத்தில் கொன்சேர்ட்டோ என்றோர் உருவம் உண்டு. தனி வாத்தியம் ஒன்றும் பெரிய வாத்தியக் குழு ஒன்றும் எதிரெதிரே நின்று உரையாடுவதே அதன் இலக்கணம். அக்குழுவைப் பல்லியம் என்னும் நம் பழஞ் சொல்லாற் குறிப்பது பொருந்தும். தனி வாத்தியம் ஒரு கருத்தை மொழியும். பல்லியம் அதனை ஏற்கும், மறுக்கும், பெருக்கும். சில வேளை இரண்டும் ஒன்றாய் ஒலிக்கும். சில வேளை பல்லியம் முழுவதும் அடங்கி நிற்க, தனி வாத்தியம் தன் திறன் முழுவதையும் காட்டும். மட்டக்களப்பு நாட்டில் விடியவிடியக் கூத்துப் பார்த்துப் பழகியோர்க்கு இவ்வமைப்பு முற்றிலும் புதியதன்று. வட்டக்களரியிலே கூத்தர் ஒருவர் பாட, அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதனை ஏற்றுப் பாட, மத்தளமும் சல்லரியும் உடன் முழங்குகின்றனவல்லவா? ஒருவர் மொழிவதும் பலர் ஏற்பதும் ஆகிய அந்த முறையே, வேறு மண்ணில் வேறு வகையாக வளர்ந்து கொன்சேர்ட்டோ ஆயிற்று எனக் கொண்டால், விளங்கிக்கொள்வதற்கு எளிதாகும்.

இப்பேச்சின் பொருள் அவ்வகைப் படைப்புக்களுள் ஒன்றாகும். அது பியானோவுக்கும் பல்லியத்துக்கும் ஆக்கப்பட்டது. ஆக்கியவர் ஜோன் ஃபோல்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர். அதன் முதற் பகுதி, நம் கர்நாடக சங்கீதத்து எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுள் இறுதியானதாகிய இரசிகப்பிரியாவின் ஏழு சுரங்களிலேயே நடக்கின்றது. இதனைக் கேட்டவுடன் நம்மில் ஒரு சாரார் பெருமை கொள்வர். மற்றொரு சாரார், நம் பொருளைப் பிறர் கொண்டு சென்றனர் எனக் குறைகூறுவர். இவ்விரண்டிலும் இறங்காது, ஒரு சங்கீதத்திலிருந்து மற்றொரு சங்கீதத்துக்கு எது செல்லும், எது செல்லாது என்பதை ஆராய்வதே என் கருத்து. இன்று நம் பிள்ளைகள் சங்கீதம் பயிலும் முறைக்கும் இவ்வாராய்ச்சி வேண்டியதாயிருக்கின்றது.

முதலில் பியானோவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இத்தாலி தேசத்தில் புளோரன்ஸ் நகரில் வாழ்ந்த பார்த்தொலோமியோ கிறிஸ்தோபோரி என்னும் கைவினைஞர் 1700ஆம் ஆண்டளவில் அதனை ஆக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகோட் என்னும் வாத்தியத்தில் கட்டையை அழுத்தினால் தந்தி மீட்டப்படும். மெல்ல அழுத்தினும் வலிந்து அழுத்தினும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. கிறிஸ்தோபோரியின் வாத்தியத்திலோ கட்டையை அழுத்தியதும் சிறு சுத்தியல் ஒன்று தந்தியை அடிக்கும். விரலின் வலுவுக்கேற்ப ஒலி மெலிந்தும் வலுத்தும் வரும். மென்மையும் வன்மையும் என்று பொருள்படும் இத்தாலியத் தொடரே பின்னர்ச் சுருங்கிப் பியானோ என்றாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மொசார்ட் இவ்வாத்தியத்துக்குரிய கொன்சேர்ட்டோவை உயர்ந்த நிலைக்குக் கொண்டுவந்தார். பேதோவன் இயற்றிய ஐந்தும் அதற்கு வீறு கொடுத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனி வாசிப்பவர் வீரர்போல மேடையேறித் தம் ஆற்றலைக் காட்டுவதற்குரிய களமாக அது வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, இவ்வுருவத்தில் இனிச் சொல்வதற்குப் புதிதாக யாது உளது என்னும் வினா இசைவாணர் பலரிடத்தும் எழுந்தது.

பியானோவின் ஆற்றலைக் கூறினோம்; அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். இக்காலப் பியானோவில் 88 கட்டைகள் உள. ஒரு ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையுள்ள இடைவெளி பன்னிரண்டு சமபாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒலிநூலார் அவ்விடைவெளி முழுவதையும் 1200 நுண்கூறுகளாக வகுத்து அளப்பர். அக்கணக்கின்படி ஒவ்வொரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே சரியாக 100 கூறுகள் இருக்கும். இது வசதியின் பொருட்டுச் செய்த ஏற்பாடு. இயற்கையின் அளவு அதுவன்று. தம்புராவின் ஒலியிலே தானாகத் தோன்றும் அந்தர காந்தாரம் ஐந்துக்கு நான்கு என்னும் விகிதத்தில் பிறப்பது. அது 386 கூறில் நிற்கும். பியானோவின் காந்தாரமோ 400இல் நிற்கும். மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தில் பிறக்கும் பஞ்சமம் 702 கூறு. பியானோவில் அது 700. பஞ்சமத்தின் வேறுபாட்டைச் செவி பொறுத்துக்கொள்ளும். காந்தாரத்தின் வேறுபாட்டைச் சுருதியிற் பழகிய செவி எளிதிற் பொறாது.

இதனினும் பெரிய தடை மற்றொன்று உண்டு. வீணையின் தந்தியை விரலால் இழுத்து ஒரு சுரத்தை அசைக்கலாம். வயலினில் விரலை வழுக்கலாம். மிடற்றுக்கோ எல்லையே இல்லை. பியானோவில் கட்டை அழுத்தப்பட்டதும் சுரம் பிறந்து, அவ்விடத்திலேயே நின்று தேயும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் புள்ளியன்று, மேலும் கீழும் அசையும் ஓர் அலை என்பதை நாம் அறிவோம். அவ்வலையைப் பியானோவில் எழுப்புதல் இயலாது. எனவே மேளம் என்னும் சுரவரிசை பியானோவுக்கு வரும்; இராகம் என்னும் உயிர் அதற்கு வாராது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு ஃபோல்ட்சின் வரலாற்றை நோக்குவோம்.

ஜோன் ஃபோல்ட்ஸ் 1880ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் மன்செஸ்டர் நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் அந்நகரத்துப் புகழ்பெற்ற ஹாலே பல்லியத்தில் வாசித்தவர். மகனும் 1900ஆம் ஆண்டில் அதே குழுவில் செல்லோ வாசிப்பவராகச் சேர்ந்தார். செல்வக் குடியிற் பிறந்தவரல்லர். உயர்ந்த இசைக்கல்லூரிகளிற் பயின்றவருமல்லர். வாத்தியக்காரரின் பிள்ளையாய் வாத்தியக்காரர் நடுவே வளர்ந்து தொழிலைக் கற்றவர். தந்தி வாத்தியத்தில் வல்லவராதலின், கட்டைகளுக்கு இடையே உறையும் நுண்சுரங்கள் அவர் காதுக்கு இளமையிலேயே எட்டின. அரைச் சுரத்தையும் பாதியாக்கிக் காற்சுரங்களைத் தம் ஆக்கங்களில் அவர் கையாளத் தலைப்பட்டார்.

அவரை நம் நாட்டுச் சங்கீதத்தின்பால் திருப்பியவர் மோட் மக்கார்த்தி என்னும் அம்மையார். அயர்லாந்திற் பிறந்த அவர் சிறு வயதிலேயே வயலினில் பெரும் புகழ் பெற்றவர். கைநோயினால் அத்தொழில் தடைப்படவே, அன்னி பெசன்ட் அம்மையாரின் தொடர்பால் 1907 முதல் 1909 வரை இந்தியாவில் தங்கித் தென்னாட்டுச் சங்கீதத்தைக் கேட்டும் பயின்றும் வந்தார். நூலறிவோடு நில்லாது சுருதி பேதங்களைத் தம் குரலாலேயே பாடிக்காட்டும் வன்மை அவருக்கு இருந்தது. இங்கிலாந்து மீண்டபின் நம் சங்கீதத்தைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். 1915ஆம் ஆண்டில் அவரும் ஃபோல்ட்சும் சந்தித்தனர். பின்னர் வாழ்க்கைத் துணைவராயினர். மேளகர்த்தா என்னும் ஏற்பாடு ஃபோல்ட்சுக்கு ஏட்டின் வழியாக மட்டுமன்றி, பாடத் தெரிந்த ஒருவரின் வாய் வழியாகவும் வந்து சேர்ந்தது என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும்.

முதல் உலகப் போரில் மாண்டோர் நினைவாக ஃபோல்ட்ஸ் இயற்றிய பெரும் பாடற்கோவை, 1923 முதல் 1926 வரை ஆண்டுதோறும் இலண்டன் மாநகரில் ஒலித்தது. அதன்பின் அது கைவிடப்பட்டது. அவர் 1927இல் பாரிசுக்குச் சென்றார். 1920களின் இறுதியாண்டுகளில் அவர் முடித்ததே நாம் பேசும் பியானோக் கொன்சேர்ட்டோ. அதற்கு அவர் கொன்சேர்ட்டோ என்று பெயரிடவில்லை. இயங்காற்றல் வாய்ந்த மூன்று படங்கள் என்று பொருள்படும் 'டைனமிக் டிரிப்டிக்' என்னும் பெயரையே சூட்டினார். முதற் படத்தின் பொருள் மேளம். இரண்டாவதன் பொருள் ஒலிநிறம். மூன்றாவதன் பொருள் தாளம். 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் எடின்பரோ நகரில் பிராங் மெரிக் பியானோ வாசிக்க, பேராசிரியர் டொனால்ட் டோவி பல்லியத்தை நடத்த, அது அரங்கேறிற்று. வாசித்து முடிக்க ஏறத்தாழ அரைமணி நேரம் செல்லும்.

முதற் படத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஏழு சுரங்கள் இவை: ஷட்ஜம், ஷட்சுருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்திமம், பஞ்சமம், ஷட்சுருதி தைவதம், காகலி நிஷாதம். பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் வகுத்த கணக்கின்படி இது கடைசி மேளம், எழுபத்திரண்டாவது. விவாதி மேளங்கள் நாற்பதனுள் இதுவும் ஒன்று. ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு மூன்று கட்டை தாண்டவேண்டும். அங்கிருந்து காந்தாரம் ஒட்டியே நிற்கும். பஞ்சமத்துக்கு மேலும் அவ்வாறே: தைவதத்துக்கு மூன்று கட்டை, நிஷாதம் ஒட்டி நிற்கும். பாடுவோர் இத்தகைய மேளங்களை அச்சத்தோடே அணுகுவர்.

இத்தனை மேளங்கள் இருக்க, இதனை ஏன் தேர்ந்தார்? மேனாட்டுச் சங்கீதத்தில் மூன்று சுரங்களை ஒருங்கே ஒலிப்பித்துக் கட்டும் சுரக்கூட்டே அடிப்படை. அடிச்சுரத்தோடு நம் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் சேர்ந்தால் ஒருவகைக் கூட்டுப் பிறக்கும். அதனை மேனாட்டார் தெளிவுக்கும் மகிழ்வுக்கும் உரியதாகக் கொள்வர். காந்தாரத்துக்குப் பதிலாக அதன் கீழுள்ள கட்டை சேர்ந்தால் மற்றொரு கூட்டுப் பிறக்கும். அதனைத் துயருக்கும் இருளுக்கும் உரியதாகக் கொள்வர். அவர்களுடைய வழக்கமான சுரவரிசைகளில் இவ்விரண்டனுள் ஒன்றுதான் அடிச்சுரத்தின்மேல் அமையும். இரசிகப்பிரியாவிலோ இரண்டும் ஒருங்கே உள. நாம் ஷட்சுருதி ரிஷபம் என அழைக்கும் கட்டையே அவர்களுக்குத் துயரக் கூட்டின் நடுச்சுரம். அதனை ஒட்டி நிற்கும் அந்தர காந்தாரமே மகிழ்ச்சிக் கூட்டின் நடுச்சுரம். ஒரே மேளத்துக்குள் ஒளியும் நிழலும் அடுத்தடுத்து நிற்கின்றன. மேளத்தை விட்டு விலகாமலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். பியானோவின் பத்து விரல்களுக்கு இது பெருஞ் செல்வமாகும். நாம் அஞ்சி ஒதுங்கும் விவாதித் தன்மையையே ஃபோல்ட்ஸ் தம் கட்டிடத்துக்கு மூலைக்கல்லாக்கிக்கொண்டார்.

அதே மேளம் நம்மிடத்தில் எவ்வாறு வாழ்ந்தது என்பதையும் ஒப்புநோக்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோடீசுவர ஐயர் எழுபத்திரண்டு மேளங்களுக்கும் தமிழிலே கீர்த்தனங்கள் இயற்றிக் 'கந்த கானாமுதம்' என்னும் தொகுதியை அளித்தார். முருகப்பெருமானைப் போற்றும் அக்கீர்த்தன வரிசையில் இரசிகப்பிரியாவுக்கும் இடம் உண்டு. சித்தாண்டி வேலவன் சந்நிதியை நாளும் காணும் எமக்கு அவ்வரிசையில் தனிப்பற்று உண்டாதல் இயல்பு. அக்கீர்த்தனத்தை வல்லார் பாடும்போது, ஒட்டி நிற்கும் இரு சுரங்களும் மோதுவதில்லை. ஒன்று மற்றொன்றின்மீது கமகத்தால் சாய்ந்து செல்லும். ஃபோல்ட்சின் பியானோவிலோ அவை மோதும். அம்மோதலிலேயே தீப்பொறி பறக்கும். சுரங்கள் ஒன்றே, வாழ்வு வேறு. மேளத்தை அவர் நேர்மையாகவே பெற்றார். ஆயினும் அவர் கையில் அது நம் இராகமாகவில்லை. இராகமாக்கிவிட்டேன் என்று அவர் பறைசாற்றவும் இல்லை. அதுவே அவருடைய பெருமை.

இரண்டாம் படம் இக்கருத்தை மேலும் உறுதிப்படுத்துகின்றது. அங்கே தந்தி வாத்தியங்கள் காற்சுரங்களில் மெல்ல நகர்ந்து ஏறி இறங்குகின்றன. பியானோவோ தன் நிலையான சுரங்களில் நின்று பேசுகின்றது. கட்டையால் இயலாததைக் கட்டையிடம் அவர் கேட்கவில்லை. இயலும் வாத்தியங்களிடம் அதனை ஒப்புவித்தார். நிலைத்த சுரமும் நகரும் சுரமும் அருகருகே நிற்கும்போது, பியானோவின் எல்லை எதுவென்பது கேட்போர் செவிக்குத் தானே புலனாகின்றது. தனி வாத்தியம் வெல்லும் களமாயிருந்த கொன்சேர்ட்டோ இங்கே அதன் வரம்பைக் காட்டும் களமாயிற்று. மூன்றாம் படம் தாளத்தின் வேகத்தால் எழுந்து ஓங்கி முடிகின்றது.

ஃபோல்ட்சின் கதை எடின்பரோவோடு முடியவில்லை. 1934இல் அவர் தம் இசைக்கொள்கைகளை ஒரு நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தார். 1937ஆம் ஆண்டளவில் தில்லியில் அகில இந்திய வானொலியின் மேனாட்டுச் சங்கீதப் பகுதிக்குத் தலைவரானார். அங்கே வானொலிப் பேச்சுக்கள் நிகழ்த்தினார். நம் வாத்தியக்காரர்களைக் கொண்டு ஒரு பல்லியம் அமைத்தார். தலைமுறையாகச் செவிவழிப் பயின்ற அவர்களுக்கு மேனாட்டுச் சுரலிபியைக் கற்பித்து, தனித்தனியே மனோதர்மப்படி வாசித்தவர்களைக் கூடி வாசிக்கச் செய்தார். கீழ்நாடும் மேல்நாடும் சமநிலையில் கூடும் இசையொன்றை ஆக்கவேண்டும் என்பது அவர் நோக்கமாயிருந்தது.

அக்காலத்தில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, வானொலியின் ஆங்கில இதழில் 1938இல் வெளிவந்தது. ஆர்மோனியத்தைக் கண்டித்து எழுதியது அது. ஆர்மோனியம் நம் நாட்டு வாத்தியமன்று. பாரிசில் டெபெயின் என்பவர் 1842இல் உரிமை பெற்ற காற்றுப்பெட்டியே கடல் கடந்து வந்து, கல்கத்தாவில் கையால் துருத்தியை இயக்கும் சிறு பெட்டியாக மாறி, நம் பாட்டுக் கச்சேரிகளிலும் நாடக மேடைகளிலும் குடிபுகுந்தது. அதன் கட்டைகளும் பியானோவின் கட்டைகளைப் போல அசையாச் சுரம் தருபவையே. மேளகர்த்தாவைப் பியானோவில் ஏற்றிய ஃபோல்ட்சே, இந்தியப் பாடகருக்கு ஆர்மோனியம் துணையாதல் கூடாது என்றார். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது முரண்பாடாகத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களாகும். தம் கொன்சேர்ட்டோவில் அவர் பியானோவைப் பியானோவாகவே பேசவிட்டார். ஆர்மோனியமோ பாடகரின் பக்கத்தில் அமர்ந்து, சுரம் இங்குதான் நிற்கும் என்று அவர் செவிக்குள் இடைவிடாது ஓதுகின்றது. அசையவேண்டிய குரலை அது கட்டைக்குள் அடைக்கின்றது. முன்னது கொடுக்கல் வாங்கல், பின்னது ஆட்சி.

கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இதே கருத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வற்புறுத்தியிருந்தார். இரவீந்திரநாத தாகூர் 1940ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வானொலி நிலையத்தினின்றும் ஆர்மோனியத்தை விலக்கவேண்டுமெனக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மார்ச் மாதம் முதலாம் நாள் முதல் அகில இந்திய வானொலியில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் அத்தடை தளர்த்தப்பட்டது. தடையினால் ஆர்மோனியம் மறைந்துவிடவில்லை. அதனைச் சிறப்புற வாசித்த கலைஞர்கள் மனம் நொந்ததும் உண்மை. எனவே தடை சரியா பிழையா என்பதில் இன்றும் இருவேறு கருத்துக்கள் உள. ஆயினும் அத்தடை எழுப்பிய வினா மாத்திரம் பழையதாகிவிடவில்லை.

அவ்விவாதத்தின் முடிவைக் காண ஃபோல்ட்ஸ் உயிரோடில்லை. கல்கத்தாவில் வானொலிப் பணியின்பொருட்டுச் சென்றவரை வாந்திபேதி நோய் பற்றிற்று. 1939ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அவர் அங்கே காலமானார். இந்தியாவில் அவர் இயற்றியவற்றுட் பல அழிந்தன. கீழ்த்திசையும் மேற்றிசையும் கூடுவதாக அவர் அமைத்த சிம்பொனியும் இன்று கிடைக்கவில்லை. பியானோக் கொன்சேர்ட்டோ ஏட்டளவிற் பிழைத்து, நீண்டகாலம் மறந்து கிடந்தது. 1984ஆம் ஆண்டில் ஹோவர்ட் ஷெல்லி பியானோ வாசிக்க, வெர்னன் ஹாண்ட்லி பல்லியத்தை நடத்த, அது இசைத்தட்டாக வெளிவந்தது. அதன் பின்னரே உலகம் அதனை மீண்டும் கேட்கலாயிற்று.

ஃபோல்ட்ஸ் சென்ற வழி ஒன்று. அதே இடர்ப்பாட்டுக்கு வேறு வழி கண்டவர் ஒருவரையும் இங்கே நினைவுகூர்தல் தகும். அவர் அமெரிக்காவிலே ஆர்மீனியத் தந்தைக்கு 1911ஆம் ஆண்டிற் பிறந்த ஆலன் ஹோவானஸ். 1936இல் உதயசங்கரின் நடனக் குழு பொஸ்டன் நகருக்குச் சென்றபோது, அதனோடு சென்ற விஷ்ணுதாஸ் சிராலியின் வாயிலாக இந்திய இசையின் அறிமுகம் அவருக்குக் கிடைத்தது. 1944இல் அவர் பியானோவுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் இயற்றிய கொன்சேர்ட்டோவின் பெயர் 'லூசாட்சாக்'; ஒளியின் வருகை என்னும் பொருளுடைய ஆர்மீனியச் சொல் அது. அதில் பியானோ சுரக்கூட்டுக்களை அறவே விட்டுவிட்டது. ஒற்றை இழையாக, ஒரே சுரத்தை விரைந்து மீட்டி மீட்டி, மேற்காசியாவின் தந்தி வாத்தியங்களைப் போலப் பேசுகின்றது. அசைக்க இயலாத சுரத்தை அதிரச் செய்தார் எனலாம். அதே ஆக்கத்தில் தந்தி வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொடரைத் தத்தம் போக்கில், மற்றவரோடு காலம் ஒத்துப்போகாமல், திரும்பத் திரும்ப வாசிக்கும் இடமும் உண்டு. அதனின்று எழுவது ஒரு முணுமுணுப்பு. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியிலிருந்து துடுப்பை நீருள் விட்டு அதன் பிடியிற் காதை வைத்துக் கேட்போர், வாவியின் அடியிலிருந்து பல ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் பிரியாமலும் எழுவதைக் கேட்பரன்றோ? அதனையே நான் உவமையாகக் கூறுவேன்.

ஹோவானஸ் 1959ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை சென்னையிலே தங்கிக் கர்நாடக சங்கீதம் பயின்றார். பியானோவையும் பேரிகையையும் பல்லியத்தோடு சேர்த்து அவர் அமைத்த 'அர்ச்சுனன்' என்னும் எட்டாம் சிம்பொனி, 1960இல் சென்னையிலேயே ஹாண்டல் மானுவேல் நடத்த அரங்கேறிற்று. அர்ச்சுனன் தவநிலையைப் பாண்டிருப்பிலே கண்ணாரக் காணும் நம் மக்களுக்கு அப்பெயர் விளக்கம் வேண்டாதது. கட்டை வாத்தியத்தைக் கொண்டு நம் அருகில் வந்தவர் இருவர். ஒருவர் மேளத்தை எடுத்துச் சுரக்கூட்டுக் கட்டினார்; மற்றவர் சுரக்கூட்டை விலக்கி ஒற்றை இழையை நாடினார். இருவருக்கும் பொதுவானது ஒன்று: நம் சங்கீதத்தின் முன் அமர்ந்து, முதலிற் கேட்டார்கள்.

கேட்டல் மட்டுமன்றி அளத்தலும் வேண்டும் என்பதற்கு நம் நாட்டவர் ஒருவரே சான்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பேராசிரியர், துறவி. பழந்தமிழர் யாழின் நரம்புகள் எவ்வெவ் விகிதத்தில் நின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். மேனாட்டு ஒலிநூலைக் கற்ற அவர், அதனைத் தம் மரபுக்குத் தலைவனாக்கவில்லை; அளவுகோலாக மட்டும் கொண்டு தம் மரபை அளந்தார். மறைந்தொழிந்த யாழ் நம் கைக்கு மீளாவிடினும், அதன் சுரங்கள் நின்ற இடம் இன்னதென்று ஆராய்வதற்கு வழி திறந்தது.

இனி நம் பாடசாலைகளுக்கு வருவோம். சங்கீதம் இன்று நம் பிள்ளைகளுக்குப் பாடமாகவும் பரீட்சைப் பொருளாகவும் இருக்கின்றது. கல்லடியில் அடிகளார் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகமும் இயங்குகின்றது. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியன. ஆயினும் கிராமப் பாடசாலையில் தம்புரா இராது. வீணை இருந்தால் நரம்பு இராது. மின்சாரத்தில் இயங்கும் கட்டைப் பலகை ஒன்று மாத்திரம் எளிதில் வந்துசேரும். ஒரு பிள்ளை சரளி வரிசையை அதில் வாசித்துக் காட்டினால் பெற்றோர் அகமகிழ்வர். அப்பிள்ளை பாடத் தொடங்கியதும் காந்தாரம் கட்டையின் இடத்திலே நின்றுவிடும். அசையவேண்டிய இடத்திலும் அசையாது. தலைமையாசிரியன் என்ற முறையில் இதனை நான் பன்முறை கேட்டிருக்கின்றேன். குறை பிள்ளையினுடையதன்று. எதனை முதலிற் கேட்டதோ அதனையே அதன் செவி இலக்கணமாகக் கொண்டது.

இதற்குத் தடை மருந்தாகாது. கட்டைப் பலகையைப் பூட்டி வைத்தலால் கமகம் வந்துவிடாது. செய்யவேண்டியது முறையை மாற்றுவதே. முதலிரண்டு ஆண்டுகள் ஆசிரியரின் குரலும் சுருதிப் பெட்டியின் ஷட்ஜ பஞ்சமமும் மட்டும் பிள்ளையின் காதில் விழவேண்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரைப் பாடசாலைக்கு அழைத்து, அவர் பாட்டுக்குப் பிற்பாட்டுப் பாடப் பழக்கவேண்டும். ஏட்டிலும் அடங்காத சுர அசைவுகள் நம் ஊரின் மிடற்றிலேயே உள. செவி இவ்வாறு உறுதிப்பட்ட பின்னர்ப் பியானோ வரட்டும்; கட்டைப் பலகையும் வரட்டும். அப்போது அவற்றை அவற்றின் இயல்பிலேயே சுவைக்கும் ஆற்றல் பிள்ளைக்கு இருக்கும். மேல் வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சியும் கூறுவேன். இரசிகப்பிரியாவில் ஒரு கீர்த்தனத்தை நல்ல வித்துவான் பாடக் கேட்கவேண்டும். உடனே ஃபோல்ட்சின் கொன்சேர்ட்டோவின் முதற் படத்தை ஒலிப்பதிவிற் கேட்கவேண்டும். இரண்டிலும் ஏழு சுரங்களும் ஒன்றே என்பதைக் காதாற் கண்டுபிடிப்பது முதற் பாடம். அவை எவ்விடத்தில் வேறாகின்றன என்பதைத் தம் குரலாற் பாடிக்காட்டுவது இரண்டாம் பாடம்.

இரண்டாம் பாடத்தில் தேறும் மாணவர் எந்த நாட்டுச் சங்கீதத்தைக் கேட்டும் அஞ்சவேண்டியதில்லை. சுரவரிசையைக் கணக்காற் பெறலாம், ஏட்டாற் பெறலாம், கட்டையாலும் பெறலாம். அசைவை மட்டும் அருகிலிருந்து பாடும் ஒருவரிடமே பெறவேண்டும். மேளகர்த்தா பாரிசுக்கும் எடின்பரோவுக்கும் சென்றது. மோட் மக்கார்த்தி பாடிக்காட்டிய சுருதி, அவர் குரல் எட்டிய அளவே சென்றது. நம் ஊர்களில் பாடிக்காட்டுவோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அவர்கள்முன் அமரச் செய்வது பெற்றோர்க்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் உரிய கடமை என்று கூறி அமைகின்றேன்.